உலை அணைந்தது, கணக்கு தீர்ந்ததா?

நெய்வேலியின் முதலாவது அனல் மின் நிலையம் 2020-ம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் நின்றுவிட்டது. 1962-ல் மூச்சுவிடத் துவங்கிய நிலையம். 58 ஆண்டுகள் இரவென்றும் பகலென்றும் பாராமல் எரிந்த உலை. கடைசி பாய்லர் குளிர்ந்தபோது ஆளும் கூட்டத்தார் கைகழுவிவிட்டு நகர்ந்தார்கள். கிழட்டு மெஷின் ஓய்வு பெற்றது, புகை நின்றது, பக்கத்திலேயே 1,000 மெகாவாட் புதிய நிலையம் வந்துவிட்டது, இனி பழையதைக் கிளறுவானேன்? இதுதான் அவர்கள் வாதம்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று கிராமத்தில் சொல்வார்கள். மெய்தான். ஆனால் உழுதவன் கணக்கே பார்க்கக்கூடாது என்று அந்தப் பழமொழி சொல்லவில்லையே! ஒரு மில் மூடினால் பஞ்சு ஸ்டாக் எவ்வளவு, பாங்கிக் கடன் எவ்வளவு, பழைய இரும்பு எவ்வளவு என்று கணக்கு எடுக்கிறார்கள். தொழிலாளியின் கணக்குக்கு மட்டும் வரும்போது பேரேட்டில் பக்கம் இல்லாமல் போய்விடுகிறது. நெய்வேலியிலும் அதுதான் நடந்திருக்கிறது. நிலையம் யாருடையது, அது என்ன கொடுத்தது, எதை எரித்தது, யார்மேல் புகையை இறக்கியது என்ற நாலு கேள்விக்கும் பதில் எழுதாமல் கணக்கை மூட முடியாது. அந்தப் பக்கத்தை இங்கே நாம் எழுதுவோம்.

யார் கட்டினார்கள்?

அன்றைய தென்னார்க்காடு ஜில்லா, விருத்தாசலம் வட்டாரம். மல்லாட்டையும் முந்திரியும் பலாவும் விளைந்த செம்மண் பூமி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது தண்ணீரோடு பழுப்பும் கறுப்புமாக ஒரு பொருள் வந்தது. அதுதான் லிக்னைட் என்னும் பழுப்பு நிலக்கரி. வெள்ளைக்கார சர்க்கார் காலத்தில் அது மண்ணுக்குள்ளேயே கிடந்தது. சென்னை ராஜ்யத்துக்கென்று சொந்த நிலக்கரி கிடையாது. பைக்காராவிலும் மேட்டூரிலும் தண்ணீர் விழுந்தால் மின்சாரம். மழை பொய்த்தால் மின்வெட்டு. மின்வெட்டு வந்தால் மில்லில் லே-ஆஃப். பழைய மில் தொழிலாளர்களுக்கு இதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை பெய்யாததற்கும் கூலி பிடிக்கப்பட்ட காலம் அது.

1956-ம் ஆண்டுத் தொழிற்கொள்கைத் தீர்மானம் நிலக்கரி, லிக்னைட், மின் உற்பத்தி ஆகிய துறைகளை சர்க்காருக்கே ஒதுக்கியது. அதே ஆண்டு நவம்பரில் நெய்வேலி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் லிக்னைட் வெளிச்சத்தைக் கண்டது. மண்ணை வெட்டும் பிரம்மாண்டச் சக்கர மெஷின்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. மின் நிலையத்துக்கு வேண்டிய இயந்திரங்களையும் நிபுணர்களையும் சோவியத் நாடு கொடுத்தது. முதலில் 250 மெகாவாட் என்றிருந்த திட்டம் 400 ஆகி, கடைசியில் 600 ஆயிற்று. 50 மெகாவாட்டில் ஆறு யூனிட், 100 மெகாவாட்டில் மூன்று யூனிட், ஆக ஒன்பது. முதல் யூனிட் 1962 மே மாதம் ஓடியது. 1970-ல் ஒன்பதும் முடிந்தன.

மெஷின் வெளிநாட்டிலிருந்து வந்தது. மண்ணைச் சுமந்த தலை எங்கிருந்து வந்தது? பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தது. கரிக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்துத் தள்ளினால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும், இல்லாவிட்டால் ஏரியாகிவிடும். அந்தத் தண்ணீருடனும் சேற்றுடனும் போராடியவர்கள் உழைப்பாளிகள். திட்டத்துக்குப் போட்ட பணமோ, தீப்பெட்டிக்கும் துணிக்கும் வரி கட்டிய கோடானுகோடி ஜனங்களின் பணம். நிலம் விவசாயியுடையது, பணம் மக்களுடையது, வேர்வை தொழிலாளியுடையது. சொத்து யாருடையது என்ற கேள்விக்கு விடை இந்த மூன்றிலேயே இருக்கிறது.

என்ன கொடுத்தது?

600 மெகாவாட் என்றால் எவ்வளவு? முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 6 லட்சம் யூனிட். ஒரு நாள் முழுதும் ஓடினால் 1 கோடியே 44 லட்சம் யூனிட். வருஷத்தில் நாலில் மூன்று பங்கு நேரம் ஓடியதாக வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 394 கோடி யூனிட். அந்த மின்சாரம் தமிழ்நாட்டுக்கே வந்தது. கோவையில் கதிர் சுழன்றது. சென்னையில் லேத் ஓடியது. தஞ்சையிலும் தென்னார்க்காட்டிலும் கிணற்று மோட்டார் தண்ணீர் இறைத்தது. மழையை மட்டும் நம்பியிருந்த ராஜ்யத்துக்கு மண்ணுக்கடியிலிருந்து ஒரு பக்கபலம் கிடைத்தது. பொதுத்துறை என்றால் வெறும் நஷ்டம் என்று பிதற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கட்டும். தனியார் முதலாளியின் லாபத்துக்குக் காத்திருக்காமல் பொதுப்பணத்தில் நிலையம் எழும்பியதால்தான் தமிழ்நாட்டின் தொழில் இந்த அளவுக்காவது வளர்ந்தது. இதை மறுக்க எவராலும் முடியாது.

ஆனால் கொடுத்ததை யார் வாங்கினார்கள் என்றும் கேட்க வேண்டும். மோட்டார் ஓடினால் கிணறு உள்ளவன் வயல் நனையும். கிணறும் இல்லாமல் வயலும் இல்லாமல் அந்த வயலில் நடவு நட்ட கூலிப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? பண்ணையாரின் மோட்டாருக்கு மின்சாரம் போன வேகத்தில் சேரிக் குடிசைக்கு ஒரு பல்பு போகவில்லை. கம்பி தலைக்கு மேலே போயிற்று. வெளிச்சம் தலைக்கு மேலேயே போய்விட்டது.

என்ன எரித்தது?

இந்த இடத்தில் நாம் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். பொதுத்துறை நிலையம், சோவியத் உதவியில் எழுந்த நிலையம் என்பதற்காக அதன் புகை சாம்பிராணியாகிவிடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது உழைப்பாளிகளின் பத்திரிகைக்கு அழகல்ல.

நெய்வேலிக் கரி ஈரக்கரி. வெட்டி எடுக்கும்போது ஏறத்தாழப் பாதி தண்ணீர். உலையில் போட்டால் முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே கரியின் சூட்டில் ஒரு பங்கு செலவாகிவிடும். அதோடு மெஷினும் பழசு. மத்திய மின்சார ஒழுங்குமுறைக் கமிஷன் இந்த நிலையத்துக்கு அனுமதித்திருந்த அளவு, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 4,000 கிலோ கலோரி சூடு. ஒரு யூனிட் மின்சாரத்தில் அடங்கியிருப்பது 860 கிலோ கலோரி மட்டுமே. வகுத்துப் பாருங்கள்: நூறு பங்கு சூட்டில் இருபத்தொன்றரைப் பங்குதான் மின்சாரம். பாக்கி எழுபத்தெட்டரைப் பங்கு ஆகாயத்துக்கும் தண்ணீருக்கும் போயிற்று!

மில்லில் நூறு பேல் பஞ்சு போட்டு இருபத்தொரு பேல் நூல் எடுத்தால் மேஸ்திரி சும்மா விடுவாரா? எந்த அனல் நிலையமும் பாதிக்கு மேல் சூட்டை இழக்கத்தான் செய்யும். அது இயற்கை விதி. ஆனால் அதே ஊரில், அதே கரியில் ஓடிய இரண்டாவது நிலையத்துக்குக் கமிஷன் அனுமதித்தது 2,900 கிலோ கலோரி. அதாவது, அங்கே மூன்று வண்டிக் கரியில் எடுத்த மின்சாரத்தை எடுக்க இங்கே நாலு வண்டிக்கு மேல் கரி தேவைப்பட்டது.

நெய்வேலிக் கரி கிலோவுக்கு சுமார் 2,600 கிலோ கலோரி சூடு தரும். ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றரைக் கிலோ கரி. 394 கோடி யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 59 லட்சம் டன் கரி. இந்த வகைக் கரி ஒரு டன் எரிந்தால் ஏறக்குறைய ஒரு டன் கரியமில வாயு கிளம்பும். எனவே வருஷத்துக்கு 60 லட்சம் டன்னை ஒட்டிய கரியமில வாயு! கரி மண்ணுக்குள்ளிருந்து போயிற்று. அதே எடை ஆகாயத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பருவம் தவறிப் பெய்யும் மழையும், நடவு நேரத்தில் காயும் வயலும், அறுவடை நேரத்தில் மூழ்கும் கதிரும் யாரைத் தாக்குகின்றன? குளிர்சாதன அறையில் இருப்பவனையா? பகல் வெயிலில் களை பறிக்கிறவளையும், காற்றோட்டமற்ற நூற்புக்கூடத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவனையும்தான்.

கரியமில வாயு உலகத்துக்கெல்லாம் பொது. சாம்பல் தூசியும் கந்தக வாயுவும் பக்கத்து ஊருக்கென்றே ஒதுக்கப்பட்ட பங்கு. அனல் நிலையங்கள் விடும் கந்தக வாயுவுக்கு இந்த நாட்டில் எவ்வளவு வரம்பு இருந்தது தெரியுமா? 2015-ம் ஆண்டு டிசம்பர் வரை வரம்பே கிடையாது! புகைபோக்கியை உயரமாகக் கட்டு என்பதுதான் விதி. வீட்டுக் குப்பையை எதிர்வீட்டு வாசலில் கொட்டாதே, அதற்கடுத்த வீட்டு வாசலில் கொட்டு என்பது போன்ற விதி. 1962 முதல் 2015 வரை 53 ஆண்டுகள் இந்த நிலையம் அந்த விதியின் கீழ்தான் ஓடியது. 2015 டிசம்பர் 7-ந் தேதி அளவு நிர்ணயித்தார்கள். இரண்டு வருஷ அவகாசம் கொடுத்தார்கள். அவகாசம் முடிந்ததும் இன்னோர் அவகாசம். அதுவும் முடிந்ததும் மறுபடியும் ஒன்று. கடைசியில் 2025 ஜூலையில், நாட்டின் அனல் நிலையங்களில் நூற்றுக்கு எழுபத்தெட்டுக்குக் கந்தகத்தைப் பிடிக்கும் கருவியே வேண்டியதில்லை என்று மத்திய சர்க்கார் விலக்கு அளித்துவிட்டது. பத்து வருஷம் தவணை கேட்ட கடன்காரனுக்குப் பதினோராம் வருஷம் பத்திரத்தையே கிழித்துக் கொடுத்த கதை!

அனல் நிலையத்துக்கு ஆயுள் 25 ஆண்டு என்பது ஒழுங்குமுறைக் கணக்கு. இது 58 ஆண்டு ஓடியது. இதற்கு மாற்றாகப் புதிய நிலையம் கட்ட 2011-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. பழையது நின்றதோ 2020-ல். இடைப்பட்ட ஒன்பது வருஷமும் இன்றோ நாளையோ மூடப்போகிறோம் என்ற பேச்சிலேயே ஓடியது. மூடப்போகும் உலைக்குப் பணம் செலவழிக்க எந்த நிர்வாகத்துக்குத்தான் மனம் வரும்? அந்த ஒன்பது வருஷக் காற்றைச் சுவாசித்தவர்களுக்கு வேறு மூக்கு கிடையாது.

யாருடைய சொத்து?

மக்கள் சொத்து என்று பலகையில் எழுதியிருந்தது. ஆனால் மக்களைக் கேட்டுத்தான் அதை விற்றார்களா? 1990-களில் கதவைச் சற்றே திறந்து நூற்றுக்கு ஆறரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பங்குச்சந்தைக்கு விட்டார்கள். 2006-ல் மேலும் 10 பங்கை விற்க மத்திய மந்திரிசபை முடிவெடுத்தது. நெய்வேலித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தமிழகமே எதிர்த்துக் குரல் கொடுத்தது. அந்த ஜூலையில் டில்லி பின்வாங்கியது. நெய்வேலி மட்டுமல்ல, எல்லாப் பொதுத்துறைப் பங்கு விற்பனையுமே அப்போது நிறுத்தி வைக்கப்பட்டது. ஒன்றுபட்டு நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

2013-ல் மறுபடியும் வந்தார்கள். பங்குச்சந்தைச் சட்டப்படி 10 பங்காவது வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். மறுபடியும் வேலைநிறுத்தம். அப்போது 3.56 சதவீதப் பங்கைத் தமிழக சர்க்காரின் நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. தனியாரிடம் போகாமல் தடுத்தது மட்டில் நல்லது. ஆனால் விற்பனை அங்கே நின்றுவிடவில்லை. சிறுகச் சிறுகக் கரைந்து, 2024 மார்ச்சில் மேலும் 7 சதவீதம் விற்றபோது மத்திய சர்க்காரின் பங்கு 72 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது. ஒரே வெட்டில் மரத்தைச் சாய்த்தால் ஊர் கூடிவிடும்; ஆகவே கிளை கிளையாக வெட்டுகிறார்கள்.

விற்ற பங்குக்குள்ளே இருப்பது என்ன? அணைந்துபோன அந்த ஒன்பது யூனிட்டும் 58 வருஷம் ஈட்டிக் கொடுத்த முதல்தானே! அந்த வருமானத்தின் பலத்தில்தான் இரண்டாவது நிலையமும் புதிய நிலையமும் வெளிமாநிலத்து முதலீடுகளும் வந்தன. பசு கறந்த பாலில் வீடு கட்டிக்கொண்டு, பசு செத்ததும் தொழுவத்தைப் பங்கு போட்டு விற்கிறார்கள்.

யார் செத்தார்கள்?

1970-ம் ஆண்டில்தான் இந்த நிலையத்தின் ஒன்பதாவது யூனிட் முடிந்தது. அதே 1970-ல்தான் ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் என்று பார்லிமெண்டில் சட்டம் வந்தது. நிரந்தரமாக நடக்கும் வேலையில் காண்ட்ராக்ட் முறையைத் தடைசெய்ய அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. இரண்டும் ஒரே வயது. நிலையம் முழு மூச்சாக ஓடியது. சட்டம் நொண்டிக்கொண்டே நடந்தது. தடை செய்யப்பட்ட இடத்தில் தொழிலாளி தானாகவே நிரந்தரமாகிவிடுவான் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அப்படியொன்றும் இல்லை என்று 2001-ல் அதே கோர்ட் மாற்றிச் சொன்னது. 2025 நவம்பரில் அந்தச் சட்டமே புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துபோயிற்று.

சட்டம் கரையலாம், காண்ட்ராக்ட் தொழிலாளியின் வாழ்வு கரையவில்லை, அப்படியே கல்லாக நிற்கிறது. கன்வேயர் பெல்ட்டில் சிந்திய கரியை வாருகிறவன் அவன். பாய்லருக்கடியில் சாம்பலை அள்ளுகிறவன் அவன். அருகில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளியும் அவனும் ஒரே ஷிப்டில், ஒரே தூசியில், ஒரே சூட்டில்தான் நிற்கிறார்கள். சம்பளக் கவர் மட்டும் ஒன்றல்ல. 2010-லும் 2012-லும் 2023-லும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததெல்லாம் வானத்து நட்சத்திரத்தைக் கேட்டு அல்ல. செய்கிற வேலைக்குத் தங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டுத்தான்.

2020-ம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். முதல் நிலையம் நிற்பதற்குச் சில மாதங்கள் முந்தி, மே 7-ந் தேதி இரண்டாவது நிலையத்தில் பாய்லர் வெடித்தது. காயம்பட்டவர்கள் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். அதிலிருந்து பாடம் படித்தார்களா? இரண்டு மாதம் ஆகுமுன்னே ஜூலை 1-ந் தேதி, அதே நிலையத்தில் அடுத்த யூனிட்டின் பாய்லர் வெடித்தது. அன்றைக்கே 6 பேர் கருகினார்கள். பிறகும் சாவு நிற்கவில்லை. முதலில் விழுந்த ஆறு பேரும் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். மஸ்டர் ரோலில் கடைசியில் நிற்கிறவன் மரணப் பட்டியலில் முதலில் நிற்கிறான்! வேலையை அறிந்த நிரந்தர ஆளைக் குறைப்பது, பராமரிப்பைக் காண்ட்ராக்டருக்கு விடுவது, பழைய பாய்லரை ஓட்டிக்கொண்டே இருப்பது: இந்த மூன்றும் சேர்கிற இடத்தில் பாய்லர் வெடிப்பதை விதி என்று சொல்கிறவன், கொலைக்கு ஜாதகம் பார்க்கிறவன்.

நிலத்தில் நின்றவன் எங்கே?

விவசாயத் தொழிலாளர்களே, இந்தப் பகுதி உங்களுக்குரியது.

1950-களில் நெய்வேலிக்கு நிலம் எடுத்தது வெள்ளைக்காரன் 1894-ல் போட்ட நில எடுப்புச் சட்ட காலத்தில். அந்தச் சட்டத்தின் கண்ணில் பட்டது பட்டா. பட்டாக்காரனுக்கு, கொஞ்சமோ நஞ்சமோ, ஈடு என்று ஒன்று இருந்தது. அந்த நிலத்தில் பரம்பரை பரம்பரையாக ஏர் பிடித்தவன், மல்லாட்டை பறித்தவள், முந்திரி பொறுக்கியவள் ஆகியோருக்குப் பட்டா ஏது? நிலம் போனபோது அவர்களுடைய வேலையும் போயிற்று; ஆனால் போனதாக எந்த ரிக்கார்டிலும் எழுதப்படவில்லை. நிலத்தில் வேலை செய்து பிழைக்கும் கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று நாட்டின் நில எடுப்புச் சட்டத்தில் எழுத 2013 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு வரி எழுத 119 வருஷம்!

எழுதிய பிறகாவது மாறியதா? 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்ன நடந்தது? கதிர் பிடிக்கும் பருவத்தில் நின்ற நெல்லுக்குள்ளே மண்வெட்டும் மெஷின்கள் இறங்கின. பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டவாம். நிலம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்றது நிர்வாகம். எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும். அறுப்புக்கு இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் கரி கரைந்துவிடுமா? பல லட்சம் வருஷம் மண்ணுக்குள் கிடந்த கரி அது! உயர்நீதிமன்ற நீதிபதியே பயிர் அழிந்ததைக் கண்டு மனம் வருந்திப் பேசினார். நட்ட கைக்குத்தான் தெரியும் பயிரின் அருமை. அந்தப் பயிரை அறுக்கப் போயிருக்க வேண்டிய கூலியாட்களுக்கு எத்தனை நாள் வேலை போயிற்று என்று அன்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

இரண்டு பொய் வாதங்கள்

ஒரு சாரார் நம்மிடம் வருகிறார்கள். புகையைக் குறை சொல்கிறீர்களே, அப்படியானால் தொழிற்சாலையே வேண்டாமா, மாட்டுவண்டிக்கே திரும்ப வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். நாம் பழைய உலையை மறுபடி மூட்டச் சொல்லவில்லை. நூற்றுக்கு இருபத்தொன்று மட்டும் கொடுக்கும் உலை நின்றது சரியே; இன்னும் முன்பே நின்றிருக்க வேண்டும். நாம் கேட்பது, மூடுவதன் செலவு யார் தலையில் என்பதுதான். வேலை இழந்த காண்ட்ராக்ட் தொழிலாளி தலையிலா, 58 வருஷ லாபத்தின் தலையிலா?

இன்னொரு சாரார் வேறு பக்கத்திலிருந்து வருகிறார்கள். காற்றும் வெயிலும் வந்துவிட்டன, கரியின் காலம் போயிற்று, பொதுத்துறையின் காலமும் சேர்ந்தே போயிற்று என்கிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! வெயிலில் மின்சாரம் எடுக்கட்டும், மனமார வரவேற்கிறோம். நெய்வேலி நிறுவனமே சூரிய மின்சாரத்தில் இறங்கியிருக்கிறது. அதற்கென்று 2023-ல் தனிக் கம்பெனி பதிவாயிற்று. அதில் 7,000 கோடி ரூபாய் போட 2025 ஜூலையில் மத்திய மந்திரிசபை அனுமதித்தது. அந்தக் கம்பெனியின் பங்கையும் சந்தைக்குக் கொண்டுபோகும் பேச்சு எழுந்திருக்கிறது. அந்த 7,000 கோடி எந்த வெயிலில் காய்த்தது? நெய்வேலிக் கரியில் காய்த்தது. தூசி தின்ற தொழிலாளியின் நெஞ்சில் காய்த்தது. பழைய நிலையத்தின் வருமானம் புதிய கம்பெனிக்குப் போகலாம், பழைய நிலையத்தின் தொழிலாளி புதிய கம்பெனிக்குப் போகக்கூடாது என்றால் அது எந்த ஊர் நியாயம்? சூரியன் எல்லோருக்கும் பொது என்பார்கள். பொதுவான சூரியனையும் பங்குப் பத்திரமாக்கி விற்றுவிட்டால், புகை இல்லாத சுரண்டல் ஒன்று மிஞ்சும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நாம் கேட்பது என்ன?

அணைந்த உலையின் கணக்கைத் திறந்து வையுங்கள். 58 வருஷத்தில் எத்தனை யூனிட் உற்பத்தி, எத்தனை டன் கரி, எத்தனை டன் புகை, எவ்வளவு லாபம், எத்தனை காண்ட்ராக்ட் ஆட்கள், எத்தனை விபத்து என்பதைத் தமிழில் அச்சிட்டு, நெய்வேலி வட்டாரத்து ஒவ்வொரு கிராமசபையிலும் வையுங்கள்.

நிலையம் நின்றதால் வேலை பறிபோன ஒவ்வொரு காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் புதிய நிலையத்திலோ சூரிய மின் கம்பெனியிலோ வேலை கொடுங்கள். நிரந்தர வேலைக்கு நிரந்தர ஆள், சமவேலைக்குச் சமகூலி.

சாம்பலிலும் தூசியிலும் உழைத்து ஓய்வுபெற்றவர்களுக்கும், காண்ட்ராக்டில் இருந்தவர்களுக்கும், சுற்றுக் கிராமத்து மக்களுக்கும் நுரையீரல் பரிசோதனையும் இலவச வைத்தியமும் கொடுங்கள். மஸ்டர் ரோலில் பெயர் இல்லை என்று ஆஸ்பத்திரி வாசலில் திருப்பி அனுப்பாதீர்கள்.

நிலம் எடுக்கும்போது பட்டாவை மட்டும் பார்க்காதீர்கள். அந்த நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பங்களை வீடு வீடாக எண்ணுங்கள்; ஈடும் மறுவாழ்வும் கொடுங்கள். கதிர் நிற்கும் வயலில் மெஷினை இறக்காதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களுக்குக் கந்தகம் பிடிக்கும் கருவியிலிருந்து கொடுத்த விலக்கை ரத்து செய்யுங்கள். பங்கு விற்பனையை நிறுத்துங்கள்.

இவை பிச்சை அல்ல, பாக்கி. மில் தொழிலாளித் தோழா! உன் கதிர் சுழன்ற மின்சாரத்தில் நெய்வேலித் தொழிலாளியின் வேர்வை இருந்தது. விவசாயத் தொழிலாளித் தோழா! அந்த உலைக்குக் கரி கொடுத்த பூமியில் உன் பாட்டன் ஏர் உழுத தடம் இருந்தது. கம்பி வழியாக உங்களை இணைத்தது மின்சாரம். அந்தக் கம்பி அறுந்தாலும் அறுகிற உறவல்ல உங்களுடையது. 2006-ல் டில்லியைப் பின்வாங்க வைத்தது எந்த மந்திரியின் கருணையும் அல்ல. நிரந்தரத் தொழிலாளியும் காண்ட்ராக்ட் தொழிலாளியும், அவர்களுக்குப் பின்னால் ஊர் ஜனங்களும் ஒன்றாக நின்ற பலம்தான்.

உலையை அவர்கள் அணைத்துவிட்டார்கள். கணக்கை நாம் அணையவிடக்கூடாது.